மூல நாடா யார் கையில்? பம்பாய் ராக் இசைத்தட்டுகளின் இரண்டாம் வெளியீடு

2015 ஜூலை 31 அன்று லெட் செப்பலின் குழுவின் ‘கோடா’ ஆல்பம் மூன்று தட்டுகள் கொண்ட தொகுப்பாக மறுபடி வெளிவந்தது. அதில் இரண்டு பதிவுகள் பம்பாயில் வாசிக்கப்பட்டவை. 1972இல் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜும் பாடகர் ராபர்ட் பிளாண்டும் இந்த ஊருக்கு வந்திருந்தார்கள். இ.எம்.ஐ.யின் பம்பாய் ஸ்டூடியோவில் தபலாக்காரர்களையும் கம்பி வாத்தியக்காரர்களையும் உட்காரவைத்துத் தங்கள் ‘ஃப்ரெண்ட்ஸ்’, ‘ஃபோர் ஸ்டிக்ஸ்’ பாடல்களைப் பதிவு செய்துபார்த்தார்கள். குழுவை ஒருங்கிணைத்தவர் சென்னையில் பிறந்த புல்லாங்குழல் கலைஞர், ரவிசங்கரின் சீடர், விஜய் ராகவ் ராவ். பேஜுக்கு முழுத் திருப்தி இல்லையோ என்னவோ, பதிவு பெட்டிக்குள் போய்விட்டது. திருட்டுப் பிரதிகளாகப் பல வருஷம் கைமாறிக்கொண்டிருந்தது, 43 ஆண்டுகளுக்குப் பிறகு முறைப்படி வெளிச்சத்துக்கு வந்தது.

தொகுப்பின் பாடல் பட்டியலில் அந்தக் கலைஞர்களுக்குக் கிடைத்த பெயர் ‘பம்பாய் ஆர்கெஸ்ட்ரா’. ராக் ரசிகர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. எனக்கு இது உறுத்துகிறது. மறுவெளியீடு என்பதைப் பழைய சரக்கைப் புது உறையில் விற்கும் வேலையாகவே பலரும் பார்க்கிறார்கள். உண்மையில் ஓர் ஆல்பத்தை யார் எழுதினார், யார் வாசித்தார், யாருக்குச் சொந்தம் என்ற வழக்குகளெல்லாம் மறுபடி எடுக்கப்படுவது அப்போதுதான். எடுக்கும் அதிகாரம் மூல நாடாவை வைத்திருப்பவருக்கே. லண்டனில் அந்த நாடா கலைஞர் கையில் இருந்தது. பம்பாயில் என்ன ஆனது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலில் லண்டன் கதை, ஒப்பிடுவதற்காக. லெட் செப்பலினின் முதல் ஆல்பம் 1968 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பார்ன்ஸ் பகுதியில் உள்ள ஒலிம்பிக் ஸ்டூடியோவில் ஏறத்தாழ 36 மணி நேரத்தில் பதிவானது. ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸ். மொத்தச் செலவு 1,782 பவுண்ட். எந்தக் கம்பெனியும் இதற்கு முன்பணம் தரவில்லை. பேஜும் மேலாளர் பீட்டர் கிராண்டும் கைக்காசு போட்டார்கள். முடிந்த நாடாவைக் கையில் வைத்துக்கொண்டுதான் கிராண்ட் நியூயார்க்கில் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸோடு பேரம் பேசினார். பாட்டு, உறை, பதிவு எல்லாவற்றிலும் குழுவின் சொல்லே கடைசிச் சொல் என்ற ஏற்பாடு அப்படித்தான் சாத்தியமானது. இதற்குப் பிறகு அந்த ஆல்பத்துக்கு நேர்ந்த ஒவ்வொரு நல்லதுக்கும் வேர் இங்கேதான்.

1969 ஜனவரி 12 அன்று அமெரிக்காவிலும், மார்ச் மாதம் பிரிட்டனிலும் ஆல்பம் வெளியானது. 1937இல் எரிந்து விழுந்த ஹிண்டன்பர்க் விமானக்கப்பலின் படத்தை ஓவியர் ஜார்ஜ் ஹார்டி புள்ளிச் சித்திரமாக வரைந்து தந்த உறை. பிரிட்டிஷ் முதல் அச்சில் எழுத்துகள் பச்சை கலந்த நீலம். சில வாரங்களிலேயே ஆரஞ்சுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த நீல எழுத்துப் பிரதி நல்ல நிலையில் கிடைத்தால் சேகரிப்பாளர்கள் இன்று லட்ச ரூபாய்க்கு மேல் தருகிறார்கள். பாட்டு ஒன்றுதான், மை மட்டும் வேறு. சேகரிப்பு என்ற பித்துக்கு நியாயம் கேட்டுப் பயனில்லை.

எண்பதுகளில் அதே ஆல்பம் சி.டி.யாக வந்தது. அந்தச் சத்தம் பேஜுக்குப் பிடிக்கவில்லை. 1990இல் ஒலிப்பொறியாளர் ஜார்ஜ் மரினோவோடு நியூயார்க்கில் உட்கார்ந்து மூல நாடாக்களிலிருந்து மறுபடி செப்பனிட்டு, நான்கு சி.டி.கள் கொண்ட பெட்டியாக வெளியிட்டார். 2014 ஜூனில் இன்னொரு சுற்று. இம்முறை ஒவ்வொரு ஆல்பத்தோடும் வெளிவராத பதிவுகள் கொண்ட துணைத் தட்டு ஒன்றைச் சேர்த்தார். முதல் ஆல்பத்துக்கு மட்டும் ஸ்டூடியோ மிச்சம் எதையும் சேர்க்கவில்லை. 1969 அக்டோபர் 10 அன்று பாரிஸ் ஒலிம்பியா அரங்கில் வாசித்த கச்சேரியைச் சேர்த்தார்கள். மாறாக, அட்லாண்டிக் நாடாக்களை வைத்திருந்த கிடங்கு ஒன்று 1978 பிப்ரவரியில் நியூ ஜெர்சியின் லாங் பிராஞ்சில் எரிந்துபோய், ஆயிரக்கணக்கான வெளிவராத நாடாக்கள் சாம்பலாகின. நாடாவைக் கம்பெனியின் பாதுகாப்பை மட்டும் நம்பி விட்டுவைப்பது அமெரிக்காவிலேயே எவ்வளவு ஆபத்து என்பதற்கு இது போதும்.

இந்த மறுவெளியீடுகளில் சத்தத்தைவிட எனக்குச் சுவாரசியமாகத் தெரிவது எழுத்தாளர் பெயர்கள் மாறிய விதம். 1969 உறையில் ‘பேப், ஐ’ம் கான்னா லீவ் யூ’ ஒரு மரபுப் பாடல் என்றும், பேஜ் அமைத்தது என்றும் இருந்தது. அதை ஐம்பதுகளின் கடைசியில் எழுதியவர் ஆன் பிரெடன் என்ற கலிஃபோர்னியப் பெண். பாடகி ஜோன் பயஸ் பாடிய வழியாக அது லண்டனை அடைந்திருந்தது. எழுதியவருக்கே தன் பாட்டு இப்படி உலகம் சுற்றுவது பல வருஷம் தெரியாது. 1990 முதல் வந்த பதிப்புகளில் பேஜ், பிளாண்ட் பெயர்களோடு அவர் பெயரும் வந்தது, பணமும் போனது. ‘டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்’ பாட்டின் கதையும் இதேதான். பாடகர் ஜேக் ஹோம்ஸ் 1967இலேயே அதே தலைப்பில் பதிவு செய்திருந்தார். 2010இல் வழக்குப் போட்டார், சமரசமானது, பிந்தைய பதிப்புகளில் ‘ஜேக் ஹோம்ஸின் தூண்டுதலில்’ என்ற வரி சேர்ந்தது. ஆக, 1969இன் ஆல்பமும் 2014இன் ஆல்பமும் காதுக்கு ஒன்று, சட்டத்துக்கு வேறு.

இதே ஆல்பத்தில் ‘பிளாக் மவுண்டன் சைட்’ என்ற வாத்திய இசையில் தபலா உண்டு. வாசித்தவர் விராம் ஜசானி. 1969 உறையிலேயே அவர் பெயர் அச்சாகியிருக்கிறது. லண்டனில் ஒரே ஒரு தபலாக்காரருக்குக் கிடைத்த வரி, மூன்று வருஷம் கழித்துப் பம்பாயில் ஒரு கூடம் நிறைய வாசித்தவர்களுக்குப் பாடல் பட்டியலில் கிடைக்கவில்லை.

இனி நம்மூர் பம்பாய்.

அறுபதுகளின் பின்பாதியில் பம்பாயில் ராக் குழு வைத்திருந்தவர்களுக்கு இசைத்தட்டு என்பது கச்சேரிக்கு வெளியே நடக்கிற அபூர்வம். மின் கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் இறக்குமதி வரி கண்ணைக் கட்டும். வெளிநாட்டுத் தட்டுகள் கப்பலில் வேலை பார்த்தவர்கள், விமானப் பணியாளர்கள் மூலம் வந்து, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஸ்பூல் டேப்பில் நகலாகும். கல்கத்தாவிலிருந்து டெஸ்மண்ட் டாய்க் ஆசிரியராக இருந்து நடத்திய ‘ஜூனியர் ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகைதான் நாடு முழுக்க இந்தக் கூட்டத்தை ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்தியது. தட்டுத் தொழிலோ சில கைகளில். 1908இல் சியால்தாவில் தட்டு அழுத்தத் தொடங்கி, பின்பு டம்டம்முக்குப் போன கிராமபோன் கம்பெனி, அதாவது எச்.எம்.வி., பல பத்தாண்டுகள் ஏறக்குறைய ஏகபோகம். அறுபதுகளின் கடைசியில்தான் பாலிடார் பம்பாயில் கால் வைத்துப் போட்டியை உண்டாக்கியது. இவர்கள் இருவருக்கும் வருமானம் சினிமாப் பாட்டு. ஆங்கிலத்தில் பாடும் உள்ளூர்க் குழு, கணக்குப் புத்தகத்தில் ஒரு விருந்தாளி.

அந்த விருந்தாளிகளுக்கு எல்பி கிடைத்தது கம்பெனிகளால் அல்ல, ஒரு சிகரெட்டால். இந்தியா டொபாக்கோ கம்பெனி தன் ‘சிம்லா’ சிகரெட்டை இளைஞர்களிடம் கொண்டுபோக அகில இந்திய பீட் போட்டி நடத்தியது. அதன் பம்பாய் மேடை எது என்பதுதான் மாட்டுங்காத் தமிழர்களுக்கு வேடிக்கையாக இருக்கும்: கிங்ஸ் சர்க்கிளில் 1963இல் எழுந்த நம் சண்முகானந்தா அரங்கம். சங்கீத சபை நடத்தும் மண்டபம், பால்கனி வரை மடிசாரும் வேஷ்டியும் நிறைந்து கச்சேரி கேட்ட இடம், அதே மேடையில் நீள முடியும் ஃபஸ் கிட்டாரும். ஏறத்தாழ மூவாயிரம் இருக்கைகள் கொண்ட அரங்கம் ஊரில் வேறு இல்லை என்பதே காரணம். சபைக்காரர்களின் தாராள மனசு என்று நினைத்து மகிழ்ந்துவிட வேண்டாம். வாடகைக்கு மண்டபம், அவ்வளவுதான்.

போட்டியில் தேறிய குழுக்களின் பாடல்களைச் சேர்த்து ‘சிம்லா பீட்’ என்ற பெயரில் 1970இலும் 1971இலும் ஒவ்வோர் எல்பி வந்தது. ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ், பெங்களூரின் டைனோசார்ஸ், கல்கத்தாவின் கிரேட் பேர், சென்னையின் கன்ஃப்யூஷன்ஸ் என்று நாடு முழுவதிலிருந்தும் குழுக்கள். விளம்பரத்துக்காக அச்சிட்ட தட்டு என்பதால் அதைக் காப்பது யாருடைய பொறுப்பும் ஆகவில்லை. தட்டுக் கம்பெனியாவது பட்டியல் எண் போட்டு அலமாரியில் வைக்கும். சிகரெட் கம்பெனிக்கு அடுத்த வருஷம் வேறு விளம்பரம். முப்பது வருஷம் கழித்து இந்த இரண்டு எல்பிகளையும் சேர்த்து ‘சிம்லா பீட் 70/71’ என்று சி.டி.யாகக் கொண்டுவந்தவர்கள் ஜெர்மனிக்காரர்கள். உலகச் சேகரிப்பாளர்களிடையே அது புகழ்பெற்ற பிறகுதான் இங்குள்ள பத்திரிகைகள் அந்தக் குழுக்காரர்களைத் தேடிப்போயின. 2014இல் சித்தார்த் பாட்டியா எழுதிய ‘இந்தியா சைக்கடெலிக்’ நூல் அந்தத் தலைமுறையின் வாய்மொழிகளைச் சேர்த்துவைத்தது; இல்லாவிட்டால் மிஞ்சியிருப்பது இசை மட்டும்தான், மனிதர்கள் இல்லை.

போட்டிக் காலத்துக்கு அடுத்தது கொலாபாவின் ‘ஸ்லிப் டிஸ்க்’ காலம். சின்ன டிஸ்கோத்தே. 1972இல் பேஜும் பிளாண்டும் ஒரு ராத்திரி அங்கே போய், உள்ளூர்க்காரர்களின் வாத்தியங்களை வாங்கி வாசித்தார்கள் என்பது பம்பாய் ராக்கின் தலபுராணம். இன்று கேட்டால் அன்று அங்கே இருந்ததாகச் சொல்பவர்களின் எண்ணிக்கை அந்த அறையின் கொள்ளளவைப் போலப் பல மடங்கு இருக்கும். அந்த வட்டாரத்தில் வளர்ந்த குழுக்களில் ஒன்று ‘அட்டாமிக் ஃபாரஸ்ட்’. பேஸ் கிட்டார் கீத் காங்கா, கிட்டார் நீல் சட்டோபாத்யாய், பாடகர் மதுகர் சந்திரதாஸ். 1974இல் நாடக இயக்குநர் அலிக் பதம்ஸி பம்பாயில் ‘ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ நாடகத்தை மேடையேற்றியபோது ஏசுவாகப் பாடியவர் இந்த மதுகர். யூதாஸாக நந்து பேண்டே. நகரத்தின் ராக் இசைக்காரர்கள் பெருங்கூட்டத்தின் முன் வந்து நின்றது அந்த நாடகத்தில்தான்.

அட்டாமிக் ஃபாரஸ்டுக்கு ஒரே ஓர் ஆல்பம். பெயர் ‘அப்செஷன் 77’. பெயரிலேயே வருஷம் இருக்கிறது, ஆனால் தட்டு வெளியானது 1981இல். அதற்குள் குழு கலைந்துவிட்டது. முதல் ஆல்பம் வரும்போது அதை மேடையில் வாசிக்க ஆளில்லை, கல்லூரி விழாவில் அறிவிக்க ஆளில்லை, கடைக்குப் போய் முன்வரிசையில் வைக்கச் சொல்ல ஆளில்லை. ஒரு ராக் ஆல்பம் இதைவிட மோசமான நேரத்தில் பிறக்க முடியாது. இசையும் அதற்குள் வயதாகிவிட்டிருந்தது: எழுபதுகளின் தொடக்கத்து ஹார்ட் ராக்கும் பிற்பாதியின் ஃபங்க் தாளமும் ஒரே தட்டில், கேட்பவர்களோ 1981இல் பாடகி நாஸியா ஹசனின் டிஸ்கோவுக்குப் போய்விட்டார்கள்.

இன்னொரு அடி கேசட். ‘அப்செஷன் 77’ வந்த சில வருஷங்களுக்குள் டி-சீரீஸ் போன்ற கம்பெனிகள் மலிவுக் கேசட்டால் நாட்டின் இசை வியாபாரத்தையே புரட்டிப்போட்டன. எது கேசட்டுக்கு மாற்றப்பட்டதோ அது பிழைத்தது. 1963இல் எம்.எஸ். பாடி எச்.எம்.வி. வெளியிட்ட சுப்ரபாதத்தை நினைத்துப் பாருங்கள். எல்பியில் இருந்தது, கேசட்டில் இருந்தது, சி.டி.யில் இருந்தது, கைப்பேசியிலும் இருக்கிறது. மாட்டுங்காவில் விடியற்காலையில் அது ஒலிக்காத தெரு இல்லை. அதை யாரும் தேடி எடுத்து ‘மறுவெளியீடு’ செய்ய வேண்டிய அவசியமே வந்ததில்லை. விற்கிற சரக்கை முதலாளி ஒவ்வொரு புது வடிவத்துக்கும் தானே ஏற்றிவிடுவார். விற்காத தட்டு பழைய வடிவத்திலேயே உறைந்து, வீடு மாற்றும்போது பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரரிடம் எடைக்குப் போகும். இசைத்தட்டு பி.வி.சி. பிளாஸ்டிக்தானே, தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் அரைபடும் சரக்கில் அதற்கும் இடமுண்டு. தப்பியவை சோர் பஜாரின் மட்டன் தெருவில் தூசியோடு அடுக்கப்பட்டன. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் மண்டிபோட்டுத் தேடியது அங்கேதான்.

முப்பது வருஷம் கழித்து, 2011இல், ‘அப்செஷன் 77’ உலகத்துக்கு மறுபடி வந்தது. கொண்டுவந்தது லாஸ் ஏஞ்சலஸின் ‘நவ்-அகெய்ன் ரெக்கார்ட்ஸ்’. அதன் உரிமையாளர் ஈயோதன் அலாபட் ஹிப்-ஹாப் உலகில் வளர்ந்தவர், ஸ்டோன்ஸ் த்ரோ கம்பெனியில் மேலாளராக இருந்தவர். ‘அப்செஷன்’ என்ற தலைப்பில் பழைய ஆல்பத்தோடு குழு வெளியிடாமல் விட்ட பதிவுகளையும் சேர்த்து, குழுக்காரர்களின் கதையை எழுதிப் போட்டார். லெட் செப்பலினுக்கு ஜிம்மி பேஜ் செய்ததை அட்டாமிக் ஃபாரஸ்டுக்கு ஓர் அயலார் செய்தார். வேலை ஒன்றே: பழைய நாடாவைத் தேடுவது, புகைப்படம் சேர்ப்பது, யார் என்ன வாசித்தார் என்று கேட்டு எழுதுவது. வித்தியாசம், இங்கே அந்த வேலைக்குக் கலைஞர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதே.

நாடா என்று சொல்வது எளிது, அது இருக்கிற நிலை வேறு. எழுபதுகளின் நடுவிலிருந்து பல உயர்ரக ஒலிநாடாக்களில் காந்தத் தூளை ஒட்டவைக்கப் பயன்பட்ட பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சும். சில வருஷத்தில் நாடா பிசுபிசுத்து, ஓடும்போது ஹெட்டில் ஒட்டித் தூள் உதிரும். மும்பையின் நான்கு மாத மழையை நினைத்தால் மேலே சொல்ல வேண்டியதில்லை. இதற்குச் செய்யும் வைத்தியம் கேட்பவருக்கு விநோதமாக இருக்கும்: நாடாச் சுருளை 50 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலான மிதமான உலர்சூட்டில் மணிக்கணக்கில் வைத்து ஈரத்தை விரட்டுவார்கள். அதற்குப் பிறகு சில வாரங்கள் நாடா ஒழுங்காக ஓடும். அதற்குள் டிஜிட்டலுக்கு மாற்றிவிட வேண்டும். நாடாவே இல்லையென்றால் கீறல் குறைந்த பழைய எல்பி ஒன்றைத் தேடிப் பிடித்து, அதை வாசிக்கவைத்து, பொரிச்சத்தத்தை ஒவ்வொன்றாக நீக்கித் தயாரிப்பார்கள். காதுள்ளவர்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் முதல் சிம்பல் அடியிலேயே தெரியும். நாம் இன்று இணையத்தில் கேட்கும் பல பழைய இந்தியப் பதிவுகள் இந்த இரண்டாம் வகை. இதைப் பெட்டியின் பின்பக்கம் நேர்மையாக அச்சிடும் வெளியீட்டாளர்கள் குறைவு.

அயலார் தேடல் ராக்கோடு நிற்கவில்லை. சரண்ஜித் சிங் இந்திப் படப் பாடல்களில் கிட்டாரும் சிந்தசைசரும் வாசித்துக்கொண்டிருந்த மும்பைக் கலைஞர். 1982இல் ரோலண்டின் மூன்று மின்கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார்; எச்.எம்.வி. வெளியிட்டது, சத்தமில்லாமல் மறைந்தது. நெதர்லாந்தின் ஈடோ பௌமன் 2002இல் டெல்லிக் கடை ஒன்றில் அந்தத் தட்டைக் கண்டெடுத்து, பிறகு மும்பைக்கு வந்து சிங்கையே கண்டுபிடித்து, 2010இல் தன் ‘பாம்பே கனெக்ஷன்’ வழியாக மறுபடி வெளியிட்டார். சிகாகோவில் 1987இல் ‘ஆசிட் ஹவுஸ்’ என்று பெயர் பெற்ற சத்தம் ஐந்து வருஷம் முன்பே மும்பையில் ஒலித்ததே என்று ஐரோப்பா வாய்பிளந்தது. எழுபது வயதைத் தாண்டி அவர் ஐரோப்பிய மேடைகளில் அந்த ராகங்களை வாசித்தார். 2015 ஜூலையில் மும்பையில் இறந்தார். சிகாகோக்காரர்கள் அந்தத் தட்டைக் கேட்டதாக எந்தச் சான்றும் இல்லை. ஆனால் ‘ஆசிட் ஹவுஸின் தந்தை’ என்ற பட்டம் விற்பனைக்கு உதவியது. அவரோ தான் ராகம் வாசித்ததாகத்தான் நினைத்தார்.

இங்கே எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அயலார் செய்த மறுவெளியீட்டால்தான் இவை உயிரோடு இருக்கின்றன. அந்த நன்றி மாறாது. ஆனால் தேர்ந்தெடுத்தது அவர்கள் காது. ஃபஸ் கிட்டாரும் விசித்திரச் சிந்தசைசரும் இருந்தால் எடுப்பார்கள். ஓட்டலில் ராத்திரி முழுக்க அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸின் பாட்டுகளைப் பாடிய குழுவை யார் தேடுவார்? பம்பாய்க் குழுக்களின் அன்றாடம் அதுவே: முக்கால்வாசி பிறர் பாட்டு, கல்யாண வரவேற்பு, கிளப் நடனம், கல்லூரி விழா. அந்த உழைப்பில் ஒரு துளியை மட்டும் எடுத்து ‘சைக்கடெலிக்’ என்று முத்திரை குத்தினால் வரலாறு சாய்ந்துவிடுகிறது. தமிழுக்கும் இது நடந்திருக்கிறது. பிரிட்டனின் ‘ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ்’ இளையராஜாவின் பாடல்களிலிருந்து ‘சொல்லச் சொல்ல’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்தது. எலெக்ட்ரானிக் சத்தம் தூக்கலாக உள்ள பாடல்களாகப் பார்த்து எடுத்தது. நமக்கு ராஜாவின் சிகரங்கள் வேறு. ஆனால் நாம் ஒரு ஒழுங்கான எல்பித் தொகுப்பு போட்டிருந்தால் அவர்களைக் குறை சொல்ல வாய் இருந்திருக்கும்.

அதை ஏன் நாம் போடவில்லை என்பதற்குப் பதில் சோம்பல் மட்டும் இல்லை. உரிமை யாருக்கு என்பதே நமக்கு இன்னும் தீரவில்லை. எக்கோ நிறுவனத்தோடு இளையராஜா நடத்திய வழக்குகளைத் தமிழ் வாசகர்கள் நன்றாக அறிவார்கள். இசையமைப்பாளர் பாடு இது. கிட்டார் வாசித்தவர், டிரம் அடித்தவர் பாடு இன்னும் கீழே. நிகழ்த்துகலைஞர் உரிமை என்ற ஒன்று இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் நுழைந்ததே 1994 திருத்தத்தில்தான். அதற்கு முன் ஸ்டூடியோவில் வாசித்தவர் அன்றைய சம்பளத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கம்பெனிக்குப் பெயரை எழுதிவைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. விஜய் ராகவ் ராவோடு 1972இல் வாசித்தவர்களின் பெயர் ‘பம்பாய் ஆர்கெஸ்ட்ரா’ என்று சுருங்கியதில் லண்டன் தரப்பின் பங்கு ஒரு பாதி என்றால், பெயரைக் குறிக்காத நம் ஸ்டூடியோப் பழக்கம் மறுபாதி.

அடுத்த தலைமுறைக்கு இந்தச் சிக்கல் வேறு உருவத்தில் வந்துவிட்டது. செம்பூரில் வளர்ந்த சங்கர் மகாதேவனின் ‘பிரெத்லெஸ்’ 1998இல் கேசட்டாக வீடுவீடாக நுழைந்தது. இன்று அது கேட்கும் செயலிகளில் இருக்கிறது, மறுவெளியீடு என்று யாரும் சொல்வதில்லை. தாராவியின் டோப்பெடிலிக்ஸ் குழு 2018இல் பா. ரஞ்சித்தின் ‘காலா’வில் சந்தோஷ் நாராயணனின் பாடல்களில் ராப் பாடித் தமிழ்நாட்டுக்குத் தெரிந்தது. அதற்கு முன்பும் பின்பும் அந்தச் சந்துகளில் பதிவானவை லேப்டாப்பில் பதிவாகி இணையத்தில் ஏற்றப்பட்டவை. அவர்களுக்கு உடல்ரீதியான தட்டும் இல்லை, நாடாவும் இல்லை. ஹார்ட் டிஸ்க் போனால், கணக்கின் கடவுச்சொல் மறந்தால், விநியோகக் கம்பெனிக்கு வருடச் சந்தா கட்டத் தவறினால், பாட்டு ஒரே நாளில் இல்லாமல்போகும். எண்பதுகளின் தட்டையாவது மட்டன் தெருவில் தேடலாம்.

இன்னொரு பக்கம், தட்டு திரும்பி வந்திருக்கிறது. காலாகோடாவின் இசைத்தட்டுக் கடை ரிதம் ஹவுஸ் 2016இல் மூடப்பட்டபோது எல்லோரும் அஞ்சலி எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் வினைல் மறுபடி சூடுபிடித்தது. இந்தியாவில் எல்பி அழுத்தும் வேலையே நின்றுபோயிருந்தது. பல வருஷ இடைவெளிக்குப் பிறகு மும்பையிலேயே மறுபடி தட்டு அழுத்துகிறார்கள். கிராமபோன் கம்பெனியின் வாரிசான சரிகமவும் சினிமா எல்பிகளைப் புதிதாக விற்கிறது. பழைய சினிமா உண்டு, கஜல் உண்டு. ஆங்கிலத்தில் பாடிய உள்ளூர்க் குழுவுக்கு அந்த வரிசையில் இன்னும் முறை வரவில்லை.

சட்டம் ஒரு தேதி வைத்திருக்கிறது. இந்தியாவில் ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. 1970இன் ‘சிம்லா பீட்’ 2030 டிசம்பரோடும், 1971இன் தட்டு அதற்கு அடுத்த டிசம்பரோடும், ‘அப்செஷன் 77’ 2041 முடிவோடும் பொதுச்சொத்தாகும். அப்போது யார் வேண்டுமானாலும் அந்தப் பதிவை அச்சிடலாம். ஆனால் பதிவு வேறு, பாட்டு வேறு. பாட்டை எழுதியவர் இறந்து 60 ஆண்டு முடியும்வரை வரியும் மெட்டும் அவர் வாரிசுகளுக்கே. தட்டுகளில் பிறர் பாட்டாக இருப்பவற்றுக்கு லண்டனிலோ நியூயார்க்கிலோ பதிப்பாளர்கள் இருக்கிறார்கள், கேட்டால் பதில் வரும், காசு கட்டினால் அனுமதி வரும். சொந்தப் பாடல்களுக்குத்தான் சிக்கல். 1970இல் இருபது வயதுப் பையன்களாகச் சண்முகானந்தா மேடையேறியவர்களுக்கு இன்று எழுபத்தைந்துக்கு மேல். எந்தப் பாட்டு யாருடையது என்று அவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்கவில்லையென்றால், 2031இல் பதிவு இலவசமாகக் கிடைக்கும், அனுமதி கேட்க ஆள் கிடைக்காது.